நாய் இல்லாத கதை

காலை பத்து மணிக்குக் கதை சொல்ல வேண்டுமென்றால் லயல் பென்ரோஸ் எழுந்ததிலிருந்து வாயைத் திறக்க மாட்டார். வெந்நீரில் தேன் கலந்து இரண்டு கோப்பை குடிப்பார். பால் கூடாது, சளி கட்டும். மனைவி திர்சா ஏதாவது கேட்டால் தலையை மட்டும் ஆட்டுவார். அவர்களுக்கு வீடு என்பது காருக்குப் பின்னால் கோத்து இழுத்துப் போகும் கேரவன்தான். அதற்குள் காலை நேரங்களில் திர்சாவின் குரல் மட்டும் கேட்கும். கேள்வியையும் அவளே கேட்டுப் பதிலையும் அவளே சொல்லிக்கொள்வாள்.

இருபத்திரண்டு வருஷமாக இதுதான் பிழைப்பு. அதற்கு முன் லயல் ரயில்வேயில் கோதுமை மூட்டைகளுக்குச் சீட்டு எழுதிக்கொண்டிருந்தார். இப்போது வயது ஐம்பத்தொன்பது. தெற்கு ஆஸ்திரேலியாவில் முர்ரே ஆற்றுக்குக் கிழக்கே விக்டோரியா எல்லை வரைக்கும் பள்ளிக்கூடங்கள், நூலகங்கள், முதியோர் இல்லங்கள், ஆட்டு ரோமம் கத்தரிக்கும் கொட்டகைகள் என்று பிப்ரவரியில் கிளம்பினால் நவம்பரில்தான் நிற்பார்கள். கடிதம் எழுதி ஊர்களைப் பேசி முடிப்பது திர்சாவின் வேலை. வண்டி ஓட்டுவதும் அவள்தான். லயலுக்கு ஓட்டத் தெரியும், ஆனால் ஓட்டும்போது கதை யோசிப்பார். இரண்டு முறை வேலியில் ஏற்றியிருக்கிறார்.

தொழிலில் அவருக்குச் சில தீர்மானங்கள் உண்டு. ஜன்னலுக்கு முதுகைக் காட்டி நிற்கக் கூடாது, பிள்ளைகள் வெளியே பார்ப்பார்கள். சாப்பாட்டுக்குப் பிறகு சொல்வதென்றால் முதல் ஐந்து நிமிஷத்துக்குள் யாராவது கிணற்றில் விழ வேண்டும். கடைசி வரிசை சலசலத்தால் குரலை உயர்த்தாமல் இன்னும் தாழ்த்த வேண்டும். அப்போது அவர்களே ஒருவரை ஒருவர் அடக்குவார்கள். திர்சா எப்போதும் பின்சுவரை ஒட்டி உட்கார்ந்திருப்பாள். அவர் குரல் எட்டவில்லையென்றால் சட்டைக் காலரைத் தொடுவாள்.

எங்கே போனாலும் கேட்கப்படும் கதை ஒன்று இருந்தது, மாலிக் காட்டில் தொலைந்த சிறுமியின் கதை. மாலி மரம் அடியிலேயே ஏழெட்டாகப் பிரிந்து, இரண்டாள் உயரத்துக்குமேல் போகாமல், எல்லாப் பக்கமும் ஒரே மாதிரி நிற்கும். உள்ளே நாற்பது அடி போனால் வந்த வழி மறந்துவிடும். ஆயிரத்துத் தொள்ளாயிரத்து இருபத்தொன்பதாம் வருஷம், ஜனவரி வெயிலில், ஐந்து வயதுப் பெண்பிள்ளை வீட்டைவிட்டு நடந்து அந்தக் காட்டுக்குள் போய்விட்டது. பார்த்துக்கொள்ள வேண்டிய அண்ணன் பதினோரு வயதுப் பையன். அவன் வண்டிக்கடியில் படுத்துத் தூங்கிவிட்டான். இருபது பேர் மூன்று நாள் தேடினார்கள். கடைசியில் வீட்டு நாய் பிளேஸ் கண்டுபிடித்தது. அந்தப் பையன் தூங்கும் இடத்தில் லயல் ஒரு கொட்டாவி விடுவார். நீளமான, தாடை கழன்றுவிடுவது போன்ற கொட்டாவி. பிள்ளைகள் உருண்டு சிரிப்பார்கள். பிறகு நாய் குரைக்கும் சத்தம். அதற்கு எப்போதும் கைதட்டல்.

அந்தச் சம்பவம் நடந்த ஊர் டோனல்ஸ் டேங்க். பேரில் குளம் இருக்கிறது, தண்ணீரை அதில் பார்த்தவர்கள் குறைவு. கோதுமைக் கிடங்கு ஒன்று, மதுக்கடை ஒன்று, முப்பத்தொரு பிள்ளைகள் படிக்கும் பள்ளிக்கூடம், ஒரு ஹால். அந்த ஹாலுக்கு அறுபது வருஷம் ஆகிறது, விழாவுக்கு வந்து எங்கள் ஊர்க் கதையை எங்களுக்கே சொல்ல வேண்டும் என்று ஹாலின் செயலாளர் கிளெனிஸ் எழுதியிருந்தாள்.

கடிதத்தைப் படித்துவிட்டு லயல் மடித்து வைத்தார்.

"போகலாந்தானே?" என்றாள் திர்சா.

"பாக்கலாம்."

"என்னத்தைப் பாக்கறது? இருபத்திரண்டு வருஷத்துல சுத்துப்பட்டு ஊருக்கெல்லாம் போயாச்சு. இது ஒண்ணுதான் பாக்கி. ஒவ்வொரு தடவையும் ஏதாவது ஒரு சாக்கு சொல்லித் தட்டிக் கழிக்கிறே. ரோடு சரியில்லேங்கறே, பிள்ளைங்க கம்மிங்கறே."

"கம்மிதான்."

"பதினாலு பிள்ளைங்க இருக்கற ஸ்கூலுக்கு நூத்தம்பது மைல் போனோம், லயல்."

திர்சா வருகிறோம் என்று எழுதிப் போட்டாள்.

மார்ச் மாதத்தின் இரண்டாவது வியாழக்கிழமை போய்ச் சேர்ந்தார்கள். வடக்கிலிருந்து சூடான காற்று இரண்டு நாளாக வீசிக்கொண்டிருந்தது. அறுவடை முடிந்த வயல்களிலிருந்து மண் கிளம்பிச் சூரியன் பித்தளைத் தட்டு மாதிரி தெரிந்தது. ஹாலுக்குப் பின்னால் கேரவனை நிறுத்த இடம் கொடுத்த கிளெனிஸ், குளிர்ந்த ஆட்டுக்கறித் துண்டுகளும் ஊறுகாயும் ரொட்டியும் கொண்டுவந்து கொடுத்தாள். எல்லாவற்றிலும் கொஞ்சம் மண் நறநறத்தது.

வெள்ளிக்கிழமை பள்ளிக்கூடத்தில் வேறு கதைகள் சொன்னார். முடித்துவிட்டுத் தண்ணீர் குடிக்கும்போது முன்வரிசையிலிருந்து ஒரு சிறுமி வந்து நின்றாள். பெயர் டெல்லா, எட்டு வயது. முன்பல் இரண்டு இல்லை.

"நாளைக்குத்தான கொட்டாவி கதை?"

"என்ன கதை?"

"கொட்டாவி. எர்வின் நோஸ்கே. ஆடு வெச்சிருக்காரே, அவரு. அவரு தூங்குனதாலதான அவரு தங்கச்சி தொலைஞ்சுது? நாங்க அவர் வண்டி போனா எல்லாரும் கொட்டாவி விடுவோம். அவரு கையாட்டுவாரு."

லயல் கோப்பையைக் கீழே வைத்தார். கதையில் அவர் பையனுக்கு வில்லி என்று பெயர் வைத்திருந்தார். அந்தப் பையன் உயிரோடு இருப்பான், அறுபத்தாறு வயதில் இதே ஊரில் ஆடு வளர்ப்பான் என்பது கணக்குப் போட்டால் தெரியக்கூடியதுதான். அவர் போட்டுப் பார்த்ததில்லை.

"அந்தப் பேரை யாரு வெச்சது?"

"தெரியல. எங்க சித்தப்பா பையன் ஆத்துக்கு அந்தாண்ட ஸ்கூல்ல படிக்கறப்ப நீங்க வந்து சொன்னீங்களாம். அவன்தான் இங்க வந்து சொன்னான். நீங்க விடற மாதிரியே விடுவான்."

அன்று சாயங்காலம் கேரவன் கதவை யாரோ தட்டினார்கள். திர்சா திறந்தாள். அறுபது வயதிருக்கும் ஒரு பெண். தலையில் ஸ்கார்ஃப் கட்டி, கைப்பையை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டு நின்றாள்.

"கதைக்காரர் இருக்காரா?"

"இருக்கார். வாங்க."

அவள் உள்ளே வந்து லயலை ஏற இறங்கப் பார்த்தாள். "அஞ்சு வயசுப் பொண்ணு ஒண்ணு காட்டுல மூணு நாள் கெடந்துதுன்னு சொல்றீங்களே, அது நான்தான். ஆல்மா. நோஸ்கே வீட்டுப் பொண்ணு. இப்ப முர்ரே பிரிட்ஜ் டவுன்ல இருக்கேன்."

லயல் எழுந்தார். கேரவனின் கூரை தாழ்வு, தலை இடித்தது. ஆனாலும் உட்காரவில்லை.

"உக்காருங்க, டீ போடறேன்," என்றாள் திர்சா.

"டீ வேண்டாம். போட்டீங்கன்னா குடிப்பேன்."

திர்சா அடுப்பைப் பற்றவைத்தாள். ஆல்மா கைப்பையை மடியில் வைத்துக்கொண்டு பேச ஆரம்பித்தாள். பல வருஷம் மனசுக்குள்ளேயே சொல்லிப் பார்த்து வைத்திருந்தது போல, நிறுத்தாமல் வந்தது.

"பன்னெண்டு வருஷம் முன்னாடி என் சின்னப் பையன் ஸ்கூல்லேர்ந்து வந்து சொன்னான். அம்மா, இன்னைக்கு ஒருத்தர் கதை சொன்னாரு, ஒரு சோம்பேறிப் பய தூங்கித் தங்கச்சியைத் தொலைச்சுட்டான், நாய் கண்டுபிடிச்சுதுன்னு. கொட்டாவி விட்டுக் காட்டினான். நான் உருளைக்கிழங்கு உரிச்சுக்கிட்டிருந்தேன். ஒண்ணும் சொல்லல. எங்கம்மா அப்ப இருந்தா. போன வருஷம் ஆகஸ்டுலதான் போனா. இப்பச் சொல்லலாம். எர்வின் தூங்கல. நான் வழிதவறிப் போகல. எங்கம்மாதான் என்னைக் கூட்டிட்டுப் போனா."

திர்சா கொதித்த தண்ணீரை இறக்கித் தேயிலையைப் போட்டாள்.

"தம்பி ஒண்ணு பொறந்து பதினோராம் நாள் செத்துப்போச்சு. அதுக்கப்புறம் அம்மா பேசறதையே விட்டுட்டா. அன்னைக்கு அப்பா ரயிலடிக்கு மூட்டை ஏத்திட்டுப் போயிருந்தாரு. எர்வின் குதிரைக்குத் தண்ணி எறைச்சுக்கிட்டிருந்தான். அம்மா என் கையைப் பிடிச்சு நடந்தா. எங்கம்மா போறோம்னேன். பதில் இல்ல. ரொம்ப தூரம். அப்புறம் ஒரு மரத்தடியில உக்கார வெச்சு, பாட்டில்ல இருந்த தண்ணி அத்தனையும் எனக்குக் குடுத்தா. தொப்பி நாடாவைக் கட்டிவிட்டா. இங்கேயே இருன்னா. போயிட்டா."

"ஏன்?" என்றார் லயல்.

"எனக்கென்ன தெரியும்? அம்பது வருஷம் அவளோட உக்காந்து ஜாம் கிளறியிருக்கேன். கேட்டதில்ல."

"அப்ப உங்க அண்ணன் தூங்கினதா..."

"அப்பா வந்து கொழந்தை எங்கேன்னு கேட்டாரு. அம்மா கட்டில்ல சுவரைப் பாத்துப் படுத்திருந்தா. இவன் முன்னால வந்து, நான்தான் பாத்துக்கிட்டிருந்தேன், தூங்கிட்டேன்னான். குதிரை வாரால அடிச்சாரு. சாகறதுக்கு முன்னாடி அப்பாவே அதை எங்கிட்டச் சொல்லி அழுதாரு. நான்தான் அதையும் எனக்கு ஞாபகம் இருந்ததையும் சேத்துப் பாத்தேன்." கோப்பையை வாங்கிக் கீழே வைத்தாள். "அவன் கல்யாணம் கட்டல. அந்தப் பண்ணையிலேயே அம்மாவைப் பாத்துக்கிட்டுக் கெடந்தான். ஊர் அவனைக் கொட்டாவிங்குது. நாளைக்கு நீங்க நெசத்தைச் சொல்லணும். இல்லேன்னா நடுஹால்ல எழுந்து நின்னு நானே சொல்லுவேன்."

லயல் திர்சாவைப் பார்த்தார். திர்சா அவரைப் பார்க்கவில்லை.

"எர்வின்கிட்டக் கேட்டீங்களா?" என்றாள் ஆல்மாவிடம்.

"கேட்டா விடமாட்டான்."

"அப்பக் கேக்கத்தானே வேணும்?" என்று சொல்லித் திர்சா ஆணியில் மாட்டியிருந்த கார் சாவியை எடுத்தாள்.

நோஸ்கே பண்ணை ஊருக்கு ஏழு மைல். வெளிச்சம் இன்னும் இருந்தது. எர்வின் வீட்டில் இல்லை. கொட்டகைக்குப் பின்னால் ஆட்டுத் தண்ணீர்த் தொட்டியைக் காலி செய்து, உள்ளே இறங்கி நின்று, வாரியலால் பாசியைத் தேய்த்துக்கொண்டிருந்தார். ஒல்லியான, நீளமான ஆள். முழங்கால்வரை பச்சையாக நனைந்திருந்தது. முந்நூறு ஆடுகள் தூரத்தில் நின்று அவரைப் பார்த்துக்கொண்டிருந்தன.

"வா ஆல்மா. நீ வர்றேன்னு கிளெனிஸ் சொன்னா," என்றார். தேய்ப்பதை நிறுத்தவில்லை.

"இவர்தான் கதைக்காரர். இது அவர் சம்சாரம்."

"தெரியும். நோட்டீஸ்ல படம் போட்டிருந்துச்சு. நேர்ல கொஞ்சம் குட்டையா இருக்கார்."

"எர்வின், நான் எல்லாத்தையும் சொல்லிட்டேன்."

வாரியல் ஒரு முறை நின்று மறுபடி நகர்ந்தது. "எதை?"

"அம்மாவைப் பத்தி."

"அம்மாவுக்கென்ன?"

"அம்பத்தஞ்சு வருஷம் போதாதா உனக்கு? நீ தூங்கலன்னு எனக்குத் தெரியும்."

"அம்பத்தஞ்சு வருஷமாத் தூங்கறேன். நல்லாத்தான் தூங்கறேன். இப்ப எதுக்கு வந்து எழுப்பறே?"

"சின்னப் பிள்ளைங்கல்லாம் உன்னைப் பாத்துக் கொட்டாவி விடுதுங்க."

"விடட்டுமே. எனக்கு இருக்கறது ஒரு பேரு. ஆட்டுச் சந்தையில எர்வின் நோஸ்கேன்னு கேட்டா எவனுக்கும் தெரியாது. கொட்டாவின்னா கை காட்டுவான்."

"சிரிக்காதே."

"நான் சிரிக்கல. இந்த மூலையில வழுக்குது, நீ தள்ளி நில்லு."

ஆல்மாவின் குரல் உயர்ந்தது. "அவ என்னை அங்க விட்டுட்டு வந்தா, எர்வின்! சாகட்டும்னு விட்டுட்டு வந்தா. அதைச் சொல்லக் கூடாதா? நான்கூடச் சொல்லக் கூடாதா?"

எர்வின் வாரியலைத் தொட்டியின் விளிம்பில் சாய்த்து வைத்தார். சட்டையில் கையைத் துடைத்துக்கொண்டார்.

"அவ தனியாத் திரும்பி வந்தப்ப நான் தொட்டிகிட்ட நின்னேன். அவ மூஞ்சியப் பாத்தேன். கேக்கறதுக்கு அந்த மூஞ்சியில ஆளே இல்ல. நான் அவளையே பாத்தேனே தவிர எந்தப் பக்கத்துலேருந்து வந்தான்னு பாக்காம விட்டுட்டேன். அதைப் பாத்திருந்தா அன்னைக்குச் சாயங்காலமே உன்னைத் தூக்கிட்டு வந்திருப்பேன். மூணு நாள் ஆக்கிட்டேன். தூங்கினதுக்கும் அதுக்கும் பெருசா வித்தியாசம் இருக்கறதா எனக்குத் தோணல."

ஆல்மா ஸ்கார்ஃபின் முடிச்சை இறுக்கிக்கொண்டாள்.

"உன்னைத் தூக்கிட்டு வந்தப்ப நீ மயக்கத்துல இருந்தே. உனக்குத் தெரியாது. உன் கால் ரெண்டும் முள்ளு. அம்மாவுக்குக் கை நடுங்குது, ஊசி பிடிக்க முடியல. பல்லால கடிச்சு எடுத்தா. ஒவ்வொண்ணா. விடிய விடிய எடுத்தா. அதுக்கு நான் சாட்சி. முன்னதுக்கு நீ சாட்சின்னா பின்னதுக்கு நான் சாட்சி. செத்துப்போனவ வந்து பதில் சொல்ல முடியாது, ஆல்மா. விட்டுடு."

"நாளைக்கு இவர் நீ தூங்கினேன்னு சொன்னா நான் எழுந்து நிப்பேன்."

"நில்லு. உன் காலு."

அவள் திரும்பி வண்டியை நோக்கி நடந்தாள். திர்சா அவள் பின்னால் போனாள். லயலும் நகரப் பார்த்தார்.

"இருங்க," என்றார் எர்வின். "உங்களை ஒண்ணு கேக்கணும். அந்த நாய் எங்கேர்ந்து வந்துச்சு?"

"எந்த நாய்?"

"உங்க கதையில வருதாமே. ரெக்ஸோ என்னவோ."

"பிளேஸ்."

"எங்க வீட்டுல நாயே கெடையாது. நாங்க திங்கறதுக்கே இல்லாத வருஷம் அது."

லயல் தொப்பியைக் கழற்றினார். காற்றில் முடி நெற்றியில் விழுந்தது.

"நான்தான் சேத்தேன். தொழிலுக்கு வந்த மொத வருஷம். ஒரு ஸ்கூல்ல தகரக் கூரையில மழை அடிச்சுது. பிள்ளைங்க கவனம் பூரா மேல போயிடுச்சு. என்ன பண்றதுன்னு தெரியாம நாய் மாதிரி குரைச்சேன். எல்லாம் திரும்பிடுச்சுங்க. அதுக்கப்புறம் நாயை எடுக்க முடியல."

"ம்."

எர்வின் வாரியலை மறுபடி கையில் எடுத்தார். தேய்த்துக்கொண்டே, தொட்டியின் அடியைப் பார்த்தபடி சொன்னார்.

"இருபது பேரு தேடினாங்க. குதிரை மேல ஏழு பேரு. கண்டுபிடிச்சது நான். என் முதுகுல சுமந்து கொண்டாந்தேன். தூங்கினது நானாவே இருக்கட்டும், அதுல எனக்கு ஒண்ணுமில்ல. கண்டுபிடிச்சதை எதுக்கு நாய்க்குக் குடுத்தீங்க?"

எர்வின் பதிலுக்குக் காத்திருக்காமல் தொட்டியைவிட்டு ஏறினார். குழாயைத் திறந்துவிட்டார். தொட்டியில் தண்ணீர் விழும் சத்தம் கேட்டு ஆடுகள் நடக்க ஆரம்பித்தன.

திரும்பி வரும்போது ஆல்மா தன் காரில் முன்னால் போனாள். அவள் கிளப்பிய தூசிக்குள் திர்சா மெதுவாக ஓட்டினாள்.

"இந்த ஊருக்கு ஏன் வராம இருந்தேன்னு கேட்டியே," என்றார் லயல்.

"கேட்டேன்."

"யாராவது ஒருத்தர் இருப்பாங்கன்னு தெரியும். பாத்துட்டா அப்புறம் சொல்ல முடியாது. நல்ல கதை அது, திர்சா. அது மாதிரி எங்கிட்ட வேற இல்ல."

"நல்ல கதைதான்," என்றாள் திர்சா. "கொட்டாவி மட்டும் எனக்கு என்னைக்கும் பிடிச்சதில்ல."

"சொல்லவே இல்லியே நீ."

"பிள்ளைங்க சிரிச்சுதுங்க. என்னத்தைச் சொல்றது."

சனிக்கிழமை விடிந்தபோது காற்று தெற்கே திரும்பியிருந்தது. வானம் கழுவிவிட்டது போல் ஆகி, குளிர்ந்தது. மதியம் இரண்டு மணிக்குள் ஹால் நிறைந்துவிட்டது. நூற்று முப்பது பேர் இருப்பார்கள். சுற்று வட்டாரத்திலிருந்தெல்லாம் வண்டி போட்டு வந்திருந்தார்கள். சமையலறையில் பெண்கள் பூசணி போட்ட ஸ்கோன் ரொட்டியும் மேலே மாவு உதிர்த்துச் சுட்ட ஜெர்மன் கேக்கும் அடுக்கிக்கொண்டிருந்தார்கள். டீ பாய்லர் உறுமிக்கொண்டிருந்தது. ஆல்மா முன்வரிசையில், நடுவில், கைப்பையோடு உட்கார்ந்திருந்தாள். எர்வின் உள்ளே வரவில்லை. திறந்திருந்த பக்கவாசலில், வெளியே கறி வாட்டும் ஆண்களோடு நின்றிருந்தார். அவர் அந்த ஹாலுக்கு வந்து யாரும் பார்த்ததில்லை என்பதால் பலபேர் திரும்பிப் பார்த்தார்கள்.

காலையிலிருந்து லயல் பேசவில்லை. என்ன சொல்லப் போகிறாய் என்று திர்சா இரண்டு முறை கேட்டதற்கு அவர் தலை ஆமென்றும் ஆடவில்லை, இல்லையென்றும் ஆடவில்லை.

ஆரம்பித்தார். அந்த வருஷத்து வெயில், பொய்த்துப்போன மழை, ஜெர்மன்காரக் குடும்பம், பதினோரு வயதுப் பையன், ஐந்து வயதுப் பெண். குரலில் வழக்கமான தாளம் இருந்தது. ஹால் அடங்கியது. அந்த இடம் நெருங்குவது பிள்ளைகளுக்குத் தெரிந்துவிட்டது. பெஞ்சின் நுனிக்கு வந்தார்கள். லயல் நிறுத்தினார். அந்த இடைவெளியில், அவருக்குப் பதிலாக, நாலைந்து பிள்ளைகள் ஒன்றாகக் கொட்டாவி விட்டார்கள். பெரியவர்கள் சிலர் சிரித்தார்கள். வாசல் பக்கம் யாரோ எர்வினின் தோளைத் தட்டினார்கள். ஆல்மா எதிரே பிடித்துக்கொள்ள ஏதோ தேடுவது போல் கையை நீட்டி, பிறகு தன் முழங்காலைப் பிடித்துக்கொண்டாள்.

லயல் சிரிப்பு அடங்கும்வரை காத்திருந்தார்.

"அந்தப் பொண்ணு எப்படிக் காட்டுக்குள்ள போச்சுன்னு நான் ஆயிரம் தடவைக்கு மேல சொல்லியிருக்கேன்," என்றார். "நான் அங்க இல்ல. எனக்குத் தெரியாது. தெரியாததைத் தெரிஞ்ச மாதிரி சொல்லி அதுல ஒரு கொட்டாவியும் விட்டேன். இன்னைக்கு விடப் போறதில்ல."

ஹாலில் ஒரு குழப்பம் ஓடியது. கிளெனிஸ் சமையலறை வாசலில் ஈரத் துண்டோடு வந்து நின்றாள்.

"தெரிஞ்சதை மட்டும் சொல்றேன். இருபது பேரு தேடினாங்க. குதிரையில ஏழு பேரு. மூணாம் நாள் கண்டுபிடிச்சது அந்தப் பதினோரு வயசுப் பையன்."

"நாய்?" என்று ஒரு பையன் கத்தினான்.

"நாய் இல்ல."

"நாய்தான் கண்டுபிடிச்சுது!"

"நாயை நான் போட்டேன். அந்த வீட்டுல நாயே இல்ல."

பிள்ளைகள் ஏமாற்றத்தோடு ஒருவரை ஒருவர் பார்த்தார்கள். டெல்லா எழுந்து நின்றாள்.

"நாய் இல்லாம எப்படிக் கண்டுபிடிச்சான்?"

லயல் வாயைத் திறந்தார். இருபத்திரண்டு வருஷத்தில் ஒரு கேள்விக்கும் அவர் பதில் இல்லாமல் நின்றதில்லை. கடைசி வரிசையில் திர்சாவின் கை காலர்வரை போய் அங்கேயே நின்றது.

"தெரியாதும்மா," என்றார்.

வெளியே கறி சுடும் சத்தம் கேட்டது.

"தடம் பாத்து," என்றது பக்கவாசலிலிருந்து ஒரு குரல்.

நூற்று முப்பது தலைகள் திரும்பின. எர்வின் தொப்பியைக் கையில் பிடித்துக்கொண்டு நிலைப்படியில் நின்றார். அவ்வளவு பேர் பார்ப்பது அவருக்குப் பிடிக்கவில்லை என்பது தெரிந்தது. ஆனால் பின்வாங்கவில்லை. லயல் மேடையிலிருந்து இறங்கி முன்வரிசை ஓரத்தில் காலியாக இருந்த இடத்தில் உட்கார்ந்தார்.

"அப்பா எல்லாரையும் வடக்கால அனுப்பினாரு," என்றார் எர்வின். "பக்கத்து வீட்டுல வாத்து இருந்துச்சு. இவளுக்கு வாத்துன்னா பிடிக்கும். அதைப் பாக்கப் போயிருப்பான்னு நெனைச்சாங்க. ரெண்டு நாள் காத்து. தெறந்த எடத்துல தடமெல்லாம் அழிஞ்சுபோச்சு. நான் தண்ணிப்பை சுமந்துகிட்டு ஆளுங்க பின்னாடியே போனேன். மூணாம் நாள் காலைல யாருக்கும் சொல்லாமக் கெழக்க போனேன். மரத்துக்குப் பின்னால காத்து படாத எடத்துல மணல் அப்படியே இருக்கும். அங்க ஒரு அடி கெடைச்சுது. அப்புறம் அடுத்த மரத்துக்குப் பின்னால. மரம் மரமாப் போனேன்."

"தடம் எவ்ளோ பெருசு?" என்றாள் டெல்லா.

எர்வின் கட்டைவிரலையும் நடுவிரலையும் விரித்துக் காட்டினார். "இவ்ளோதான்."

"கூட வேற தடம் இருந்துச்சா? டிங்கோ, காட்டு நாய் மாதிரி ஏதாவது?"

ஆல்மா எழுந்தாள். முழுசாக எழுந்து நின்றுவிட்டாள். கைப்பை மடியிலிருந்து நழுவித் தரையில் விழுந்தது. எர்வின் அவளைப் பார்த்தார். இருவருக்கும் நடுவில் பெஞ்சுகளும் தலைகளும் இருந்தன.

"இல்ல," என்றார் டெல்லாவிடம். "ஒரே தடந்தான். இவளோடது மட்டும்."

எல்லோரும் ஆல்மா ஏதோ பேசப் போகிறாள் என்று காத்திருந்தார்கள். அவள் உதடு பிரிந்தது. பிறகு குனிந்து கைப்பையை எடுத்தாள். எடுத்து, மண்ணைத் தட்டிவிட்டு, உட்கார்ந்தாள்.

"அப்புறம்?" என்றாள் டெல்லா.

"அப்புறம் என்ன, தூக்கிட்டு வந்தேன். நாலு மைல். நல்ல கனம்."

ஹால் சிரித்தது. முதலில் பெரியவர்கள்தான் கைதட்டினார்கள். எர்வின் தொப்பியை மாட்டிக்கொண்டு கறி வாட்டும் இடத்துக்குப் போய்விட்டார்.

கூட்டம் கலைந்து டீயை நோக்கி நகர்ந்தபோது திர்சா லயலின் பக்கத்தில் வந்து உட்கார்ந்தாள்.

"திங்கக்கிழமை போற ஸ்கூல்ல இந்தக் கதையைத்தான் கேட்டிருக்காங்க."

"வேற சொல்றேன்."

"இதுதான் வேணும்னா?"

"அது ஒருத்தரோடது, அவர் இந்த ஊர்லதான் இருக்காருன்னு சொல்லிடு." குரல் கரகரத்தது. "குடிக்க ஏதாவது கொண்டா."

திர்சா சமையலறைக்குப் போனாள். அங்கே ஆல்மா ஏப்ரன் கட்டிக்கொண்டு கேக்கைச் சதுரம் சதுரமாக வெட்டிக்கொண்டிருந்தாள். ஜன்னலுக்கு வெளியே எர்வின் காலித் தட்டோடு வந்து நின்றார். ஆல்மா இரண்டு துண்டை எடுத்து அவர் தட்டில் வைத்தாள். கையை எடுக்காமல், தாழ்ந்த குரலில் கேட்டாள்.

"ஒரு தடந்தானா?"

"ஆமா."

"எர்வின்."

"பாத்தவன் நான்," என்றார் அவர். "சர்க்கரை எங்க இருக்கு?"